மருமகனைப் பண்ணை வேலைக்கு அழைக்கலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருபது வருடங்கள் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, நான்கு வருடங்களுக்கு முன் லின்சே நகருக்கு அப்பால் காணி வாங்கி, இப்போது 280 செம்மறிகள் வளர்க்கிறேன். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அவை குட்டி போடும்போது நானும் மனைவியும் மட்டும் நின்று சமாளிக்க முடியவில்லை. மற்ற மாதங்களிலும் ஓர் ஆளுக்குப் போதிய வேலை இருக்கிறது. கிளிநொச்சியில் இருக்கும் என் மருமகனுக்கு, அதாவது அக்காவின் மகனுக்கு, 24 வயது; ஆடு மாடு பார்த்து வளர்ந்தவன். ஒரு முகவர் 25,000 டொலருக்கு எல்.எம்.ஐ.ஏ எடுத்துத் தருவதாகவும், அந்தப் பணத்தை அவனே கட்ட வேண்டும் என்றும், கட்ட முடியாவிட்டால் சம்பளத்தைக் காசோலையாகக் கொடுத்து ஒரு பகுதியைத் திரும்ப வாங்கலாம் என்றும் சொல்கிறார். இரண்டு வருடத்தில் நிரந்தர வதிவிடம் நிச்சயமாம். அக்கா இந்த மாத முடிவில் வயற்காணியை ஈடு வைக்கப் போகிறார். நான் சம்மதிக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒன்ராறியோ

பதில்: அன்புள்ள வாசகருக்கு, இந்த முகவருடைய ஏற்பாட்டுக்கு நீங்கள் சம்மதிக்கக் கூடாது. மருமகனை வேலைக்கு அழைப்பது பற்றி யோசிக்கலாம். அதற்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு முதலில் அந்த 25,000 டொலர் எங்கே போகிறது என்பதைக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதற்கு முதலாளி பெற வேண்டிய தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீட்டைத்தான் நம்மவர்கள் எல்.எம்.ஐ.ஏ என்கிறோம். பிற துறைகளில் அதற்கு ஓர் இடத்துக்கு 1,000 டொலர் கட்டணம் உண்டு; பண்ணை வேலைக்கு அந்தக் கட்டணமே கிடையாது. அது கிடைத்த பின் உங்கள் மருமகன் வேலை அனுமதிப்பத்திரத்துக்கு 155 டொலரும், கைரேகை மற்றும் புகைப்படப் பதிவுக்கு 85 டொலரும் செலுத்துவார். மருத்துவப் பரிசோதனைச் செலவு தனி. இவற்றுக்கு மேல் கேட்கப்படும் பணம் முழுவதும் முகவரின் விலை. தொழிலாளியிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் அறவிடுவதை 2022 செப்டெம்பரில் திருத்தப்பட்ட கூட்டாட்சி விதிகள் தடை செய்கின்றன. உங்களுக்காக ஆள் சேர்ப்பவர் அறவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் உங்கள் தலையிலேயே வைக்கின்றன. ஒன்ராறியோவில் வெளிநாட்டவரின் வேலைப் பாதுகாப்புக்கென 2009இல் இயற்றப்பட்ட சட்டமும் இதையே சொல்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்காகத் தொடங்கிய அந்தச் சட்டம் 2015 நவம்பர் முதல் எல்லா வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்துகிறது. ஆகவே முகவர் தவறு செய்தார், நான் கையெழுத்து மட்டும்தான் வைத்தேன் என்று நீங்கள் பிற்பாடு சொல்ல முடியாது. மீறல் ஒவ்வொன்றுக்கும் 100,000 டொலர் வரையும், ஓர் ஆண்டுக்குள் மொத்தம் 10 இலட்சம் டொலர் வரையும் தண்டம் விதிக்கலாம். இனி ஒருபோதும் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்க முடியாதபடி உங்களைத் தடை செய்யவும் முடியும்.

சம்பளத்தைக் காசோலையில் கொடுத்துக் கையில் திரும்ப வாங்குவது இதைவிட மோசமானது. வங்கிக் கணக்கு ஒரு தொகையைக் காட்டும். மருமகனின் கையில் வேறொரு தொகை இருக்கும். அரசுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அன்றே பொய்யாகிவிடும்.

தண்டப் பணத்தை நினைத்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பண்ணைக்கு மொழிபெயர்ப்பு உதவிக்காகப் போயிருந்தேன். அங்கே நம் ஊர்ப் பெடியன் ஒருவன் கொட்டிலை ஒட்டிய அறையில் தங்கியிருந்தான். யன்னல் இடுக்கில் பழைய சாக்கைத் திணித்து வைத்திருந்தார்கள், கட்டிலின் காலடியில் சேற்றோடு அவனுடைய சப்பாத்து உறைந்து கிடந்தது. அவனது கடவுச்சீட்டு பண்ணையாளரின் மேசை லாச்சியில் இருந்தது. "பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அண்ணை வைத்திருக்கிறார்" என்று அவனே அவருக்காகப் பரிந்து பேசினான். தனியாகக் கேட்டபோதுதான் ஊரில் வட்டிக்கு எடுத்த கடனைப் பற்றிச் சொன்னான். கடன் கழியும் வரை குளிர் என்றும் சொல்ல மாட்டான், கை வலிக்கிறது என்றும் சொல்ல மாட்டான். அந்தப் பண்ணையாளரும் கொடியவர் அல்லர். அவரும் உங்களைப் போலக் காலை நான்கு மணிக்கு எழும்புகிறவர். அந்தப் பெடியன் எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாத நிலையில் வந்து சேர்ந்ததால், அவர் தம்மை அறியாமலே அப்படிப்பட்ட முதலாளி ஆகிவிட்டார்.

இந்த வேலை அனுமதிப்பத்திரம் ஒரே முதலாளியின் பெயருக்குத்தான் கொடுக்கப்படுகிறது என்பதையும் இதோடு சேர்த்து நினையுங்கள். 2023இல் கனடாவுக்கு வந்து ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் தொமோயா ஒபொகாத்தா, தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தை இக்கால அடிமைத்தனம் வளரும் இடம் என்று குறிப்பிட்டதற்கு இந்தக் கட்டும் ஒரு முக்கிய காரணம். துன்புறுத்தப்படும் தொழிலாளி வேறு முதலாளியிடம் போகத் திறந்த அனுமதிப்பத்திரம் கேட்கும் வழி 2019 ஜூன் முதல் இருக்கிறது. ஆனால் தாய் காணியை ஈடு வைத்திருக்க, முதலாளி தாய்மாமனாக இருக்க, எந்தப் பிள்ளை போய் அதைக் கேட்கும்? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் காணி உறுதியும் தாலிக்கொடியும் அடகுக்குப் போய்த்தான் நம்மில் பலர் இங்கே வந்து சேர்ந்தோம். அந்தக் கடனைக் கட்டிய வருடங்களில் நாம் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம் என்பதை வேறொருவர் வந்து நமக்குச் சொல்லத் தேவையில்லை.

நிரந்தர வதிவிடம் நிச்சயம் என்ற பேச்சும் பொய். ஆண்டு முழுவதும் கால்நடைப் பண்ணையில் வேலை செய்பவர்களுக்கு அப்படி ஒரு வழியைத் தந்த வேளாண் உணவுத் துறை முன்னோடித் திட்டம் 2020 மேயில் தொடங்கி 2025 மேயில் முடிந்துவிட்டது. நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளி போட்டு ஆட்களைத் தெரியும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச் 25 முதல் அரசு நீக்கிவிட்டது, எல்.எம்.ஐ.ஏ விற்பனையை ஒடுக்குவதற்காகவே அப்படிச் செய்தது. கால்நடைப் பண்ணைத் தொழிலாளியின் வேலை தேசியத் தொழில் வகைப்பாட்டில் 5ஆம் நிலையில் இருப்பதால், 0 முதல் 3 வரையான நிலைகளில் பெற்ற அனுபவத்தைக் கேட்கும் கனடிய அனுபவ வகுப்பு என்ற நிரந்தர வதிவிட வழிக்கும் அது கணக்கில் வராது. நாளை புதிய வழி திறக்கலாம். திறக்கும் என்று சொல்லி இன்று பணம் வாங்க யாருக்கும் உரிமை இல்லை.

நேரான வழி இதுதான். பலரும் கேள்விப்பட்டிருக்கும் பருவகாலப் பண்ணைத் தொழிலாளர் திட்டம் உங்களுக்கு உதவாது. 1966இல் ஜமேக்காவுடன் தொடங்கிய அது மெக்சிக்கோவுக்கும் கரீபியன் நாடுகளுக்கும் மட்டும் உரியது, எட்டு மாதங்களுக்கு மேல் போகாது. உங்களுக்குப் பொருந்துவது தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தின் விவசாயப் பிரிவு. எந்த நாட்டவரையும் 24 மாதங்கள் வரை எடுக்கலாம். அனுமதிக்கப்பட்ட பண்ணைப் பொருட்களின் பட்டியலில் செம்மறியும் இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன் அரசின் ஜொப் பாங்க் தளத்திலும் இன்னொரு வழியிலும் குறைந்தது 14 நாட்கள் விளம்பரம் செய்து, கனடாவில் இருப்பவர் எவராவது வருகிறாரா என்று பார்க்க வேண்டும். மருமகனை முடிவு செய்துவிட்டுக் கண்துடைப்புக்காக விளம்பரம் போடாதீர்கள். வருகிறவரை உண்மையாகவே நேர்காணல் செய்யுங்கள். குவெல்ஃபில் இருக்கும் ஒன்ராறியோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் வேளாண் கல்லூரியிலும் ஓர் அறிவித்தல் போட்டுப் பாருங்கள். குட்டி போடும் பருவத்தில் பட்டியில் நின்று பழக விரும்பும் மாணவர் கிடைத்தால் உங்கள் நெருக்கடி மாதங்களாவது தீரும்.

உறவினரை எடுக்கக் கூடாது என்று விதி இல்லை. ஆனால் வேலை உண்மையானதா, உங்கள் பண்ணைக்கு அந்த ஆள் தேவைதானா, சம்பளம் கொடுக்க உங்களால் முடியுமா என்று அதிகாரி கேட்பார். உறவு தெரிந்தால் இன்னும் துருவிக் கேட்பார். தவணை முடிந்ததும் மருமகன் நாடு திரும்புவார் என்ற நம்பிக்கையும் அவருக்கு வர வேண்டும். வராவிட்டால் மறுப்புத்தான், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்தி வையுங்கள்.

ஆள் வருவதென்றால் செலவு உங்களுடையது. போக வர விமானப் பயணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். மாகாண மருத்துவக் காப்புறுதி தொடங்கும் வரை தனியார் காப்புறுதியும் உங்கள் கணக்கில்தான். பரிசோதகர் பார்த்து எழுதிக் கொடுத்த தங்குமிடம் வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் வாரத்துக்கு 30 டொலருக்கு மேல் கழிக்க முடியாது. வேலையிட விபத்துக் காப்புறுதிச் சபையில் முதல் ஆளை எடுத்த பத்து நாட்களுக்குள் பதிய வேண்டும். சம்பளம் அரசு அந்த வேலைக்கு வெளியிட்டிருக்கும் விகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கணக்குகள் ஆறு வருடங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒன்ராறியோவின் வேலைத் தரச் சட்டம் பண்ணைத் தொழிலாளருக்கு வேலை நேர வரம்பும் மேலதிக நேரச் சம்பளமும் தருவதில்லை. ஆகவே இரவு இரண்டு மணிக்கு, மறை இருபது பாகைக் குளிரில் டோர்ச் லைட்டோடு பட்டிக்குப் போய், ஈனும் ஆட்டின் பக்கத்தில் முழங்காலிட்டுக் குட்டியை இழுத்தெடுத்து, தொப்புளில் அயோடின் பூசி, சீம்பால் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிற மனிதருக்கு, அந்த மணித்தியாலங்கள் கணக்கில் ஏறுமா என்பதை நீங்கள் எழுதும் ஒப்பந்தம்தான் சொல்லும். அதைத் தமிழிலும் எழுதி அவர் கையில் கொடுங்கள். குட்டி ஈன்ற ஆட்டின் நச்சுக்கொடியிலிருந்து கியூ காய்ச்சல் தொற்றலாம் என்பதையும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்பதையும் முதல் நாளே செய்து காட்டுங்கள். கிளிநொச்சியில் ஆடு பார்த்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பத்துக்கு உதவி வேண்டுமானால் வழக்கறிஞரிடமோ, குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரி எனப்படும் ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பதிவேட்டில் பெயர் உள்ள ஆலோசகரிடமோ போங்கள். அவருக்குரிய கட்டணத்தை நீங்களே கொடுத்து, பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். அடுத்த பெப்ரவரிக்கு ஆள் வேண்டுமென்றால் இந்தக் கோடையிலேயே தொடங்க வேண்டும்.

அதற்கெல்லாம் நாள் இருக்கிறது, காணிக்கு இல்லை. இதை வாசித்து முடித்ததும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, உறுதியைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மருமகனையும் பேச அழைத்து, முகவருக்கு ஒரு சதம்கூடக் கட்டாமல் வரக்கூடிய வேலையாக இருந்தால் மட்டுமே மாமா கூப்பிடுவேன் என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள்.