மருந்தாளர் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்குச் சொரியாசிஸ் என்ற தோல் நோய். வைத்தியர் எழுதிய கல்சிபொட்ரியோல் களிம்பு திருகோணமலையில் நான் ஏறி இறங்கிய எந்தப் பாமசியிலும் இல்லை. ஒரு கடையில், "இதுவும் அதேதான்" என்று குளோபெட்டாசோல் தந்தார்கள். பூசலாமா, அண்ணா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அதே அல்ல, தங்கச்சி! கல்சிபொட்ரியோல் விட்டமின் டி வழி வந்தது. குளோபெட்டாசோலோ மிக வீரியமான ஸ்டீரொய்ட். நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும்; பூசிப் பழகியபின் சட்டென்று நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு திரும்பலாம். வைத்தியரைக் கேட்காமல் அந்த டியூப்பைத் திறக்க வேண்டாம்.

தேடும்போது வணிகப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பெட்டியில் பெரிய எழுத்துக்குக் கீழே பொடியாக இருக்கிறதே, அந்த மருந்துப் பெயரையும் 0.005% என்ற அளவையும் சேர்த்துக் கேளுங்கள். "இல்லை" என்று சொன்ன அலுமாரியிலேயே வேறு பெயரில் அதே மருந்து கிடந்ததை நானே கண்டிருக்கிறேன். அரச மருந்துக்கடையான ஒசுசலவுக்கும் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால், கொழும்புக்குப் போகும் உறவினரிடம் மருந்துச்சீட்டைக் கொடுத்தனுப்புங்கள். பிரதியை அல்ல, மூலச்சீட்டையே. திரும்பும்போது இரவு பஸ்ஸில் கொண்டுவரச் சொல்லுங்கள். 25 பாகைக்குக் கீழ் வைக்க வேண்டிய களிம்பு அது. பகல் பஸ்ஸின் சூடு ஆகாது.