இ-ஸ்போர்ட்ஸில், அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேம்களில், சில நாடுகள் மட்டும் ஏன் எப்போதும் முன்னால் நிற்கின்றன?

"தென் கொரியர்களுக்குப் பிறவியிலேயே கை வேகம்" என்பார்கள். நான் நம்புவதில்லை. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு அங்கே 'பிசி பாங்' என்ற கணினி விளையாட்டுக் கூடங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 1998-இல் ஸ்டார்கிராஃப்ட் என்ற போர் வியூக கேம் வந்தது. 2000-இல் விளையாட்டுகளுக்கென்றே ஒரு டிவி சேனலும் வந்துவிட்டது.

ஆனால் முக்கியமான விஷயம், தினமும் யாருடன் மோதுகிறோம் என்பதுதான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற குழு கேமில் கொரியா முழுவதற்கும் ஒரே சர்வர். நாடு சிறியது என்பதால் பிங்கும், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதமும், குறைவு. நள்ளிரவில் தரவரிசை ஆட்டம் தொடங்கும் திறமையான பள்ளி மாணவனுக்கு எதிரே உலக சாம்பியனே வந்து நிற்கலாம். ஒரு தப்பு செய்தால் அங்கேயே காலி. அடுத்த முறை அந்தத் தப்பு வராது. வட அமெரிக்காவிலோ 2015 வரை சர்வர் மேற்குக் கரையில் இருந்தது; கிழக்கே இருப்பவர்கள் தாமதத்தோடுதான் மல்லுக்கட்டினார்கள். அப்புறம்தான் சிகாகோவுக்கு மாற்றினார்கள்.

சரி, அதே கொரியா கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஏன் ஜொலிக்கவில்லை? அங்கே அந்த ஆட்டத்துக்குக் கூட்டம் சேரவில்லை, ஐரோப்பாவில் சேர்ந்தது.

பணமும் வசதியும் உதவும்தான். ஆனாலும் 2019-இல் டெக்கன் 7 என்ற சண்டை கேமில் எவோ ஜப்பான், எவோ என்ற இரண்டு பெரிய போட்டிகளையும் வென்றவர் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸலான் ஆஷ். உள்ளூர்க் கூடங்களில் நேருக்கு நேர் மோதி வளர்ந்தவர்.