பிரெட் மெஷினில் பிரெட் நன்றாக உப்பி, பேக் ஆகும்போது நடுவில் குழிந்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் தண்ணீரோ ஈஸ்ட்டோ கூடிப்போனதுதான் காரணம். மாவு அளவுக்கு மீறி வேகமாகப் பொங்கும். உள்ளே இருக்கும் காற்றைத் தாங்க வலுவிருக்காது, சூடு ஏறியதும் அமுங்கிவிடும். உப்பைக் குறைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உப்பு.

முதலில் கப் அளவை விடுங்கள். மாவை அழுத்தி அள்ளினால் ஒரு கப்பிலேயே 20, 30 கிராம் மாறும். சமையல் தராசு வாங்குவது கட்டாயம் என்றே சொல்வேன். 400 கிராம் மைதாவுக்கு 250 மி.லி. தண்ணீர், 7 கிராம் உப்பு, 15 கிராம் சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய், 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். வெயில் காலத்தில் ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறைத்து, ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றுங்கள். பிசையும்போதே மாவு சூடாகும்.

பிசையத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள். இந்த நேரத்தில் திறப்பதால் எதுவும் கெடாது. மாவு வழவழப்பான ஒரே உருண்டையாக, தொட்டால் லேசாக ஒட்டி விடுபட வேண்டும். பாத்திரத்தின் அடியில் குழைந்து பரவினால் ஒரு ஸ்பூன் மாவு; வறண்டு துண்டு துண்டாக உருண்டால் ஒரு டீஸ்பூன் தண்ணீர். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி பார்த்த பிறகே அடுத்த ஸ்பூன்.

கோதுமை மாவுக்குத் தண்ணீர் அதிகம் பிடிக்கும், மைதா அளவுக்கு உப்பவும் செய்யாது. பாதிக்குப் பாதி மைதா கலந்து தொடங்குங்கள்.

பேக் முடிந்ததும் பாத்திரத்திலேயே விட்டுவைத்தால் ஆவி அடைந்து ஓரங்கள் நமத்துப்போகும். உடனே கவிழ்த்து, கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள்.