சாப்பேயின் மெழுகு மெட்டுகள்

கேள்வி: மலேசியாவின் சரவாக் மாநிலப் பூர்வகுடியினரின் சாப்பே என்ற தந்தி வாத்தியத்திலும் வீணையைப் போல மெட்டுகளை (தந்திக்கு அடியில் சுரங்களைப் பிரிக்கும் குறுக்குத் துண்டுகளை) மெழுகில்தான் நிறுத்துகிறார்களாமே! அப்படியானால் அதையும் ஒருவகை வீணை என்று சொல்லலாமா? பெண்கள் அதைத் தொடக்கூடாது என்ற வழக்கம் இன்னும் இருக்கிறதா?

பதில்: மெழுகு இரண்டுக்கும் பொது, அதைக் கையாளும் விதம் வேறு. வீணையின் 24 மெட்டுகளையும் தேர்ந்த கைவினைஞர் மேளம் கட்டி, அதாவது சுரத்துக்கேற்ப மெழுகில் பதித்துக் கொடுத்துவிட்டால், அதன்பின் வாசிப்பவர் அவற்றை அசைப்பதில்லை. போர்னியோத் தீவில், சரவாக்கின் ஆற்று மேற்பகுதிகளில் வாழும் கென்யாஹ், காயான் மக்களின் சாப்பேயிலோ, சிறு துண்டுகளாக நறுக்கிய மெட்டுகளைத் தேன்மெழுகால் ஒட்டியிருப்பார்கள். அடுத்த பாட்டுக்கு வேறு சுரம் வேண்டுமென்றால், வாசிப்பவரே மெட்டைப் பெயர்த்துச் சற்றுத் தள்ளி அழுத்தி, தந்தியை மீட்டிக் கேட்டு, ஒத்துவரும் வரை நகர்த்திக்கொள்வார். அந்த மெட்டுகளும் ஒரு தந்திக்கு மட்டுமே உரியவை. பாட்டு முழுவதும் அந்த ஒரே தந்தியில் ஓட, மற்றவை சுருதியாக ஒலித்துக்கொண்டிருக்கும்.

உடலமைப்பிலும் வீணைக்கு அது உறவல்ல. ஒரே மரத்துண்டைப் படகு போலச் செதுக்கி, முதுகுப் பக்கம் குடைந்து, குடைந்த இடத்தை மூடாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். தட்டையான முன்பக்கத்தில் சுருண்ட கொடிகளாக ஓவியம் தீட்டுவதும் உண்டு. முன்பு சேகோப் பனை நாரால் ஆன இரண்டே தந்திகள் இருந்தன. இப்போது மூன்றோ நான்கோ உலோகத் தந்திகள் கட்டுகிறார்கள். இதனைக் கிட்டாரின் தம்பி என்று அறிமுகப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. தன் இசைக்கேற்பத் தானே வளர்ந்த கருவி அது.

பெண்களைப் பற்றிய தடை உண்மையில் இருந்ததுதான். நோய் தீர்க்கும் சடங்குகளில் ஆண்கள் வாசித்த வாத்தியம் என்பதால் பெண்கள் அதைத் தொடலாகாது என்றிருந்தார்கள். இன்று அந்த நிலை மாறிவிட்டது. 2015இல் மலேசிய அரசு வாழும் தேசியப் பாரம்பரியமாக அறிவித்த கென்யாஹ் கலைஞர் மேத்யூ ஙாவ் ஜாவ், சரவாக்கின் இன்னொரு பூர்வகுடியான கெலாபிட் குடும்பத்தில் பிறந்த அலேனா முராங்குக்குச் சிறு வயதிலேயே சாப்பே கற்றுக்கொடுத்தார். அந்த மாணவி இப்போது பல நாட்டு மேடைகளில் சாப்பேயை மீட்டிக்கொண்டே, மூத்தோரிடம் கேட்டுக் கற்ற பாடல்களைத் தம் மக்களின் மொழியில் பாடிவருகிறார்.