முன்பணம் கொடுக்கும் முன் மேசையை எடை போடுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டில் வசிக்கிறேன். தரைத்தளத்தில் எட்டுக்குப் பத்து அடி அளவில் உள்ள சமையலறையைக் கிராமத்து வீட்டுப் பாங்கில், கையால் செய்த மரச்சாமான்களோடு அமைக்க ஆசை. காரைக்குடிப் பக்கம் இடிக்கப்படும் செட்டிநாட்டு வீட்டிலிருந்து கிடைத்த பர்மாத் தேக்கில் ஒரு வேலை மேசை, சுவரில் பொருத்தும் தட்டுப் பலகைகள், கம்பி வலை போட்ட பாத்திர அலமாரி ஆகியவற்றை 2,10,000 ரூபாய்க்குத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மேசைக்கு மட்டும் ஐந்து கன அடி மரம் என்றும், கன அடி 9,000 ரூபாய் என்றும் கணக்குக் கொடுத்திருக்கிறார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். பில் வேண்டுமென்றால் வரி கூடும் என்கிறார். நம்பலாமா? கடற்காற்றில் இந்த மரம் நிற்குமா? எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒழுகிய பழைய கூரையை இடித்தபோது கிடைத்த கட்டைகள் மொட்டை மாடியில் கிடக்கின்றன. அவற்றையும் விறகு விலைக்கு அவரே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். மாடியில் கிடக்கும் கட்டைகளையும் கொடுக்காதீர்கள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் செய்திதான் இதில் பெரிய செய்தி. அதற்கு வருவதற்கு முன் தரகரின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கு இருப்பது பொய்யன்று. நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழிலும் வணிகமும் நடத்திய காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கப்பலில் வந்து இறங்கிய மரம் அது. ஆனால் சென்னையில் இன்று செட்டிநாட்டு மரம் என்று சொல்லி விற்கப்படுவது அத்தனையும் உண்மையிலேயே அங்கிருந்து வந்திருந்தால், காரைக்குடியில் ஒரு தூண்கூட மிஞ்சியிருக்காது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது என்பது உண்மைதான். அந்த உண்மையையே தூண்டிலாக்கி, ‘இனி இந்த மரம் வரவே வராது, இன்றே முடிவு செய்யுங்கள்’ என்று அவசரப்படுத்துவது தரகர்களின் வழக்கம். பர்மாத் தேக்கும், கேரளத்து நிலம்பூர்த் தேக்கும், ஆப்பிரிக்கத் தோட்டங்களில் வளர்த்து இங்கே இறக்குமதியாகும் தேக்கும் தாவர இனத்தால் ஒன்றே. பெங்களூரில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு சிறு துண்டை அனுப்பினால், அது தேக்கா இல்லையா என்று சோதித்துச் சொல்வார்கள். அது எந்த ஊரில் எந்த வீட்டு நிலையாக இருந்தது என்பதை எந்தச் சோதனைக்கூடமும் சொல்லாது. ஆகவே பர்மா, காரைக்குடி, நூறு வருடம் என்ற கதைகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வைரம் பாய்ந்த நடுப்பகுதியா, பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதியா என்பது மட்டுமே. தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் கறையான் எளிதில் அண்டாது. வெளுத்த பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. தேக்கு என்ற பெயர் அதைக் காப்பாற்றாது. வெளுப்பை மறைக்கத்தான் கறுப்பு பாலிஷ் போடுகிறார்கள். மேசையைக் கவிழ்த்துப் போட்டு, பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கவிழ்க்க விடாத வியாபாரியிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

அடுத்தது அளவு. மரக் கணக்கு எளிது: நீளத்தை அடியிலும், அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். உங்கள் மேசையின் மேற்பலகை ஆறடி நீளம், 24 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் என்றால் அது ஒன்றரைக் கன அடி. மூன்றுக்கு மூன்று அங்குலத்தில் இரண்டே முக்கால் அடி உயரக் கால்கள் நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 0.7 கன அடி. சுற்றுச் சட்டங்களுக்கு அரைக் கன அடி. மொத்தம் 2.7 கன அடி வருகிறது. தரகர் சொன்ன விலையையே ஒப்புக்கொண்டாலும், 45,000 ரூபாய் என்று அவர் காட்டிய மரத்தின் பெறுமதி 24,300 ரூபாய்தான். மீதி எங்கே போயிற்று என்று கேட்டால் ‘சேதாரம்’ என்பார். புதிய மரத்தை அறுத்துச் சாமான் செய்யச் சொன்னால் சேதாரம் கேட்பது நியாயம். செய்து முடித்து நிற்கும் மேசைக்குச் சேதாரம் கேட்பது பகல் கொள்ளை. இதைச் சோதிக்க நிபுணர் யாரும் தேவையில்லை. காய்ந்த தேக்கு கன அடிக்கு ஏறத்தாழ 18 கிலோ இருக்கும். ஐந்து கன அடி மேசை என்றால் அது 90 கிலோ எடை காட்ட வேண்டும், 2.7 கன அடி மேசை 50 கிலோவை ஒட்டித்தான் காட்டும். பழைய இரும்புக் கடைகளில் இருக்கும் தட்டுத் தராசு போதும். எடை கூடுதலாக இருப்பதாலேயே மரம் உயர்ந்தது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். தேக்கைவிடக் கனமான மலிவு மரங்கள் எத்தனையோ இருக்கின்றன.

கையால் செய்தது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லை இப்போது விலைச்சீட்டில் ஒட்டிவிட்டால் போதும், விலை இரட்டிப்பாகிவிடுகிறது. இயந்திரம் குடைந்த பூவேலையில் உள்மூலைகள் உருண்டு நிற்கும், ஒவ்வொரு பூவும் அச்சு மாறாமல் இருக்கும். உளி பட்ட மூலை கூர்மையாக நிற்கும், இடப்பக்கப் பூவும் வலப்பக்கப் பூவும் மயிரிழையாவது மாறும். திருகாணியின் தலைமேல் மர வில்லையை ஒட்டி மர ஆணிபோலக் காட்டுகிறார்கள். சங்கிலியால் அடித்தும் சுடரால் கருக்கியும் பழமை ஏற்றுகிறார்கள். உண்மையான தேய்மானம் கை படும் இடத்தில்தான் இருக்கும்: இழுப்பறையின் பிடியைச் சுற்றி, நின்று வேலை செய்த பக்கத்து விளிம்பில், அருவாமனை வைத்து வைத்துக் குழிந்த இடத்தில். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் அது பட்டறையில் போன மாதம் தேய்ந்தது. கிராமத்துச் சமையலறையின் அழகே, அங்கே எதுவும் அழகுக்காக வாங்கப்படவில்லை என்பதுதான். அம்மியின் குழிவும், அஞ்சறைப் பெட்டியின் மஞ்சள் கறையும், பானை உருளாமல் இருக்க வைக்கோலில் முறுக்கிய பிரிமனையும் புழக்கத்தால் வந்தவை. அந்தப் புழக்கத்தை விலைக்கு வாங்க முயல்கிறவர்களைக் குறிவைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது.

பழைய வண்ணம் உரிந்து நிற்கும் நீலக் கதவையோ பச்சைச் சன்னல் பலகையையோ தட்டுப் பலகையாக்கித் தருவதாகச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். வீட்டு வண்ணங்களில் காரீயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது. 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தில் காரீயம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளுக்கு மிகவும் கேடு. காசிமேட்டில் கழித்துக் கட்டிய மரப்படகுகளின் பலகைகளையும் இந்தப் பாங்குக்கு ஏற்றவை என்று விற்கிறார்கள். உப்பும் டீசலும் ஊறிய அந்தப் பலகை வரவேற்பறைக்கு ஆகலாம், சோறு வைக்கும் இடத்துக்கு ஆகாது.

இனி உங்கள் மாடியில் கிடக்கும் கட்டைகள். வட சென்னையின் பழைய வீடுகள் பலவற்றில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கட்டடக்காரர்கள் சொல்லும் கூரை உண்டு. மரக் கட்டைகளை நெருக்கமாக வரிசையிட்டு, அவற்றின் மேல் சிறிய செங்கற்களை நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிய கூரை அது. அந்தக் கட்டைகள் பெரும்பாலும் தேக்கு. ஒன்றின் முனையில் ஒரு சாண் அறுத்து, அறுத்த இடத்தை இழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொன்னிறத்தில் தொடங்கிப் பழுப்பேறிய நிறமும், விரலில் பிசுபிசுக்கும் எண்ணெய்ப் பசையும், பதனிட்ட தோலைப் போன்ற வாடையும் இருந்தால், ஊரெல்லாம் தேடும் மரம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. விறகு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று தரகர் சொன்னது இரக்கத்தால் அன்று. அதே கட்டை அறுபட்டு, செட்டிநாட்டு மேசையாகி, பெரம்பூரில் வேறொரு வீட்டுக்கு வந்து இறங்கும்.

சுவருக்குள் புதைந்திருந்த முனைகள் இரண்டிலும் ஓரடி வரை உளுத்திருக்கலாம், அதைக் கழித்துவிடுங்கள். அறுப்பதற்கு முன் சுண்ணாம்பைச் சுரண்டி, காந்தத்தை ஓட்டி ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும். ஆணி பட்டு ரம்பம் உடைந்தால் யார் பொறுப்பு என்பதைப் பட்டறையில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பழைய மரம் என்றாலே இதைச் சொல்லித்தான் கூலியை ஏற்றுகிறார்கள். அறுத்த பலகைகளை உடனே இணைக்காமல், இடையிடையே குச்சி வைத்து நிழலில் சில வாரங்கள் அடுக்கி வைத்தால், வளைய வேண்டியது இணைப்பதற்கு முன்பே வளைந்துவிடும். பிறகு ஆசாரியை வீட்டுக்கு அழைத்து, குடுமி வைத்து, அதாவது ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகி, இணைக்கச் சொல்லி, நாள் கூலிக்கு வேலை வாங்குங்கள். மரம் போதவில்லை என்றால் மட்டும், அளவு எழுதிய சீட்டோடு சூளை, சைடனாம்ஸ் சாலைப் பக்கத்து மரக் கடைகளுக்குப் போங்கள்.

பில் இல்லாமல் பழைய மரம் வாங்கக்கூடாது என்பது என் முடிவான கருத்து. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இடிக்கப்படும் வீட்டின் உரிமையாளரிடமே, இடிப்பதற்கு முன், மரம் அதன் இடத்தில் பொருந்தி நிற்கும்போது பார்த்து வாங்குவதுதான் அந்த விலக்கு. தனி மனிதர் தம் வீட்டுக் கதவை விற்கும்போது கடைக்காரரைப் போலப் பில் தர முடியாது. கையெழுத்திட்ட ரசீது போதும். ஆனால் அந்த ரசீதில் வீட்டின் கதவு எண்ணும், எந்த அறையின் எந்த மரம், அளவு என்ன என்பதும் இருக்க வேண்டும். உரிமையாளர் என்று சொல்கிறவர் முழு உரிமையாளரா, பங்காளிகளில் ஒருவரா என்று கேளுங்கள். ராயபுரத்திலும் மண்ணடியிலும் பாகம் பிரிக்காத வீடுகள் எத்தனை இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அண்ணன் விற்ற நிலைக்கதவைத் தம்பி காவல் நிலையத்தில் புகாராக்கினால், கதவோடு நிற்பவர் நீங்கள்தான். பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டால் வாங்குங்கள், ஒருவர் வெளியூரில் இருக்கிறார் என்றால் அவர் வரும்வரை பொறுங்கள். இடிக்கும் ஒப்பந்தக்காரர் ‘மரமெல்லாம் என் கணக்கு’ என்றால் அது உண்மையாக இருக்கலாம், அப்படித்தான் பேரம் நடக்கிறது. ஆனால் அந்த நொடியே அவர் வியாபாரியாகிவிட்டார், விலக்கு போய்விட்டது, பில் கேளுங்கள். கட்டட இடிபாட்டை எங்கே கொட்ட வேண்டும் என்பதற்கு 2016 முதல் தனி விதிகளே இருக்கின்றன. அந்த இடிபாட்டிலிருந்து வெளியேறும் தேக்குக்கு ஒரு துண்டுச் சீட்டு கேட்பார் இல்லை. செங்கல் தூளுக்கு இருக்கும் அக்கறையில் கால்வாசி மரத்துக்கு இருந்திருந்தால், தரகர் என்ற சாதியே இந்தத் தொழிலில் வளர்ந்திருக்காது.

கடற்காற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேக்கு நிற்கும், இரும்புதான் நிற்காது. கீல், தாழ், திருகாணி எல்லாம் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ இருக்கட்டும். 2023 டிசம்பர் மழையில் உங்கள் பகுதியில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அலமாரியின் அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு வையுங்கள். மரத்தூள் பலகையில் செய்த அலமாரி நனைந்தால் ஊதிப் போகும், முழு மரம் நனைந்தாலும் நிழலில் காய்ந்து மீளும். மேற்பலகைக்கு வார்னிஷ் வேண்டாம், சீக்கிரம் காய்வதற்கான உலர்த்தி மருந்து சேர்க்காத ஆளி விதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடும் எண்ணம் இருந்தால், அது சூளையில் சுடாத சிமெண்டுக் கல் என்பதை நினைவில் வையுங்கள். புளித் தண்ணீரும் எலுமிச்சையும் சிந்திய இடம் வெளுக்கும், ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது.

எரிவாயு உருளையை மரப்பெட்டிக்குள் மறைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், பெட்டியின் அடியில், தரை மட்டத்தில், காற்றுத் திறப்பு கட்டாயம் வேண்டும் என்று சொல்லுங்கள். கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். மண்பானைக்கும் சட்டிக்கும் தரகர் தேவையே இல்லை, கொசப்பேட்டைக் குயவர்களிடம் நேரில் போய் வாங்கலாம்.

இதைப் படிப்பதற்கு முன்பே ஏதேனும் தொகை கொடுத்திருந்தால், தரகர் அனுப்பிய கணக்கு, படங்கள், பேச்சுப் பதிவுகள் எதையும் கைப்பேசியிலிருந்து அழிக்காதீர்கள். முதலில் எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். வட சென்னைக்கெனத் தனியே மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது. அந்த மாதக் கணக்கை நம்பிச் சமையலறை வேலையை நிறுத்தி வைக்காதீர்கள். வாய்தா வாங்குவதற்கென்றே சிலர் தொழில் நடத்துகிறார்கள். நீங்கள் இன்னும் எதுவும் கொடுக்கவில்லை என்றால், மாடியில் கிடக்கும் கட்டைகளை எண்ணி, ஒவ்வொன்றின் அளவையும் எழுதி, மழை தொடங்குவதற்குள் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள்.