படரும் வெள்ளை ரோஜா: யூரியா கேட்கும் நோயல்ல இது

கேள்வி: செங்கோட்டையில் வீட்டு முன்புறச் சரிவில் ஆனி மாதம் 12 வெள்ளை கார்ப்பெட் ரோஜாச் செடிகளை ஓரடிக்கு ஒன்றாக ஒரே வரிசையில் நட்டேன். தினமும் சாயங்காலம் ஹோஸில் தண்ணீர் பீய்ச்சுகிறேன். இப்போது புரட்டாசியில் அடி இலைகள் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகிக் கொட்டுகின்றன. ஊடே கோரையும் முளைக்கிறது. யூரியா போடலாமா?

பதில்: வேண்டாம். தழை கொழுத்தால் நோய்க்குத்தான் கொண்டாட்டம்.

இது கரும்புள்ளி நோய். ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாளில் மை ஊறியதுபோலப் புள்ளியின் ஓரம் பிசிறியிருக்கும், சுற்றிலும் மஞ்சள் பூத்திருக்கும். இலை ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் பூசணம் தொற்றிவிடும். உங்கள் ஊரில் ஆனியிலிருந்து ஆவணி வரை சாரல். அதற்கு மேல் சாயங்காலத் தண்ணீர், நெருக்க நடவு. ராத்திரி முழுக்க இலை காய வழியே இல்லை. ஜெர்மனியில் வெர்னர் நோவாக் உருவாக்கிய ஃபிளவர் கார்ப்பெட் ரகங்கள் நோய் தாங்குவதற்குப் பெயர் பெற்றவை. ஆனால் நர்சரியில் 'கார்ப்பெட்' என்று விற்பதெல்லாம் அந்த ரகமல்ல.

உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். மழை விட்ட காலையில் கார்பன்டாசிம் பூசணக்கொல்லி லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், 10 நாள் கழித்து மான்கோசெப் 2 கிராம் தெளியுங்கள். ஒரே மருந்தையே அடித்தால் பூசணம் பழகிக்கொள்ளும். இனி தண்ணீர் காலையில், வேரடிக்கு மட்டும்.

இந்தச் செடி 3 அடி வரை படரும். உங்கள் வரிசைக்கு 4 செடி போதும். தை பிறந்து மழை ஓய்ந்ததும் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்து, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவுங்கள். தடவாவிட்டால் கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். மீதி 8 செடியையும் வேர்மண் உதிராமல் பெயர்த்து, 3 அடி தள்ளி இரண்டு வரிசையாக வையுங்கள். ஒன்றரை அடிக் குழி, மக்கிய தொழுவுரம் 5 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கட்டும்.

கோரையை அப்போதே கிழங்கோடு தோண்டிவிடுங்கள். செடி படர்ந்தபின் முள்ளுக்குள் கை நுழையாது. பிறகு மக்கிய தென்னை நார்க்கழிவை 2 அங்குலம் பரப்பலாம், தண்டை ஒட்டாமல். மக்காததைப் போட்டால் மண்ணின் தழைச்சத்தை அது இழுத்துக்கொண்டு செடி வெளுக்கும்.

ஒட்டுக்குக் கீழிருந்து விறைப்பாக ஒரு கிளை கிளம்பினால் அது ஒட்டுக்கு அடியில் இருக்கும் வேர்ச்செடியின் போத்து. கத்தரியால் நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்திலிருந்தே பிய்த்தெடுங்கள்.