அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கலைநிகழ்ச்சித் தொடருக்குச் சந்தா எடுக்கலாமா? தெரிந்த பெயர் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு மட்டும் டிக்கெட் வாங்கினால் போதாதா?

சந்தா எடுங்கள். ஆனால் அந்தத் தெரிந்த பெயருக்காக எடுக்காதீர்கள்.

ஆகஸ்டில் முதுகலை படிக்க வருவதாகவும், நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் அடுத்த சீசனின் பட்டியலை வெளியிட்டிருப்பதாகவும், அதில் உள்ள இருபத்தைந்து நிகழ்ச்சிகளில் ஒரே ஒரு இந்தியக் கலைஞரைத்தான் உங்களுக்குத் தெரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருடங்களுக்கு முன் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். மத்திய மேற்குப் பகுதியில், பல்கலைக்கழகம் இருப்பதால் மட்டுமே வரைபடத்தில் இருக்கும் ஒரு ஊர். முதல் வருடம் தெரிந்த பெயர் வந்த ஒரே நாளுக்குப் போனேன், நன்றாக இருந்தது, திரும்பி வந்தேன். அடுத்த வருடம் டிக்கெட்டுக்குச் செலவழிக்க வேண்டாமே என்று தன்னார்வ அஷராகச் சேர்ந்தேன். வருபவர்களுக்கு இருக்கை காட்டி, நிகழ்ச்சித் தாளைக் கையில் கொடுத்து, கதவு மூடிய பிறகு பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். எந்த நாளில் வேலை என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். ஆக எதைப் பார்ப்பது என்ற முடிவு என் கையில் இல்லாமல் போயிற்று. ஏழு சீசன்கள் அப்படிப் பார்த்ததுதான் எனக்குக் கிடைத்த பெரிய படிப்பு.

சீசன் என்றதும் நம் மனதில் வருவது மார்கழி. ஒரே நாளில் பத்து சபாக்கள், பாடுபவர் யார், பக்கவாத்தியம் யார் என்று முன்கூட்டியே தெரியும், பிடித்தவரைத் தேடிப் போவோம். இங்கே கதை வேறு. செப்டம்பரிலிருந்து மே வரை ஒன்றிரண்டு அரங்குகளில் மொத்தம் இருபது முப்பது மாலைகள். அந்த ஒவ்வொரு மாலையையும் ஒரு சிறிய குழு ஒன்றரை, இரண்டு வருடங்களுக்கு முன்பே பார்த்து, கேட்டு, வாதாடி முடிவு செய்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாத பெயர் என்பது அவர்கள் உங்களுக்காகத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பெயர். தெரிந்ததை மட்டும் வாங்கினால் அந்த உழைப்பு உங்களுக்கு வந்து சேராது.

இந்த வழக்கம் நேற்று வந்ததும் அல்ல. மிச்சிகனின் ஆன் ஆர்பரில் பல்கலைக்கழகத்தை ஒட்டி இயங்கும் இசைச் சங்கம் 1880-இல் தொடங்கியது. ஊர்க்காரர்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஹாண்டலின் 'மெசையா' என்ற கூட்டுப்பாடல் படைப்பைப் பாடக் கூடியதுதான் அதன் வேர். 1913-இல் அங்கே திறந்த ஹில் அரங்கில் இன்றும் சுமார் 3,500 பேர் உட்காரலாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1906-இல், சான்ஃபிரான்சிஸ்கோ பூகம்பம் நடந்த அடுத்த மாதமே, பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார் நடித்தார். பெரிய நகரங்களுக்குப் போகும் கலைஞர்களைச் சிறிய கல்வி ஊர்களுக்கும் வரவழைக்க வேண்டும் என்ற ஆசைதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. அயோவா சிட்டியில் 1972-இல் கட்டிய ஹான்ச்சர் அரங்கை 2008 ஜூனில் ஆற்று வெள்ளம் பாழாக்கியது. புது அரங்கு 2016 செப்டம்பரில்தான் திறந்தது. இடைப்பட்ட எட்டு வருடங்களும் சொந்த அரங்கு இல்லாமல், கிடைத்த இடங்களில் நிகழ்ச்சிகளை நடத்தினார்களே தவிர, தொடரை நிறுத்தவில்லை. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

ஆனால் தமிழராக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர், கனெக்டிகட்டில் இருக்கும் மிடில்டவுன். அங்குள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு 1962-இல் பரதநாட்டியக் கலைஞர் டி. பாலசரஸ்வதி வந்தார். அவருடைய தம்பிகள் இருவரும், மிருதங்கம் டி. ரங்கநாதன், புல்லாங்குழல் டி. விஸ்வநாதன், பின்னர் அங்கேயே வருடக்கணக்கில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள் வடகிழக்கு அமெரிக்காவின் ஒரு சிறிய ஊரில்! ரங்கநாதனிடம் அங்கே கர்நாடக இசை படிக்கத் தொடங்கிய மாணவர்தான் ஜான் ஹிக்கின்ஸ். தமிழ்நாட்டுக்கு வந்து, திருவையாற்றில் பாடி, நம்மவர்கள் வாயாலேயே 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று பெயர் வாங்கியவர். அவர் 1978-இல் வெஸ்லியனுக்குத் திரும்பி, அதன் கலை மையத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1984-இல் சாலை விபத்தில் போய்விட்டார், வயது நாற்பத்தைந்து. எழுபதுகளில் அங்கே தொடங்கிய நவராத்திரி விழா, பல்கலைக்கழகத்தின் இலையுதிர்கால நிகழ்ச்சிகளில் ஒன்றாக நிலைத்துவிட்டது.

இதைச் சொல்வது பெருமைக்காக மட்டுமல்ல. அந்த 1962-இல் அரங்குக்கு வந்த அமெரிக்க மாணவர்களில் எத்தனை பேருக்குப் பாலசரஸ்வதி என்ற பெயர் தெரிந்திருக்கும்? பதம் என்றால் என்ன, அபிநயம் என்றால் என்ன என்று தெரிந்திருக்கும்? தெரியாத பெயர், புரியாத மொழி. இருந்தும் வந்து உட்கார்ந்தார்கள். சிலர் அதற்காக வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார்கள். உங்கள் பட்டியலில் மாலியிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வரும் ஒரு பெயரைத் தாண்டிப் போகும்போது இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

என் அனுபவத்தில் அப்படி வந்தது கோரா. மேற்கு ஆப்பிரிக்காவின் 21 நரம்பு வாத்தியம், பெரிய சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்வது. வாசித்தவர் தலைமுறை தலைமுறையாக இசையே தொழிலான குடும்பத்தைச் சேர்ந்தவர், தாத்தாவிடமிருந்து அப்பா, அப்பாவிடமிருந்து தான் என்று சொன்னார். எனக்கு உடனே நம் இசை வேளாளர் குடும்பங்கள்தான் கண்ணில் வந்தன. தலைமுறைகளாக இசையைச் சுமக்கும் அதே வேலை, வேறு கண்டம். அஷர் வேலை என்ற ஒன்று இல்லாவிட்டால் நான் அந்தக் கதவுக்குள் நுழைந்தே இருக்க மாட்டேன்.

இன்னொன்று நால்வர் வாசிக்கும் தந்திக் கச்சேரி, ஸ்ட்ரிங் குவார்டெட். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. தாளம் காட்ட ஆள் கிடையாது. தொடங்குவதற்கு முன் நால்வரும் ஒன்றாக மூச்சை இழுப்பது சின்ன அரங்கில் நன்றாகக் கேட்கும். அந்த மூச்சுதான் அவர்களுக்குத் தாளம். பெரிய ஆர்கெஸ்ட்ராவைவிட முதலில் இதைக் கேளுங்கள் என்பேன். நான்கு குரல்கள்தான் என்பதால் யார் என்ன செய்கிறார்கள் என்பது பழகாத காதுக்கும் பிடிபடும்.

சரி, பட்டியல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது எளிது. ஒவ்வொரு ஜனவரியிலும் நியூயார்க்கில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களும் கலைஞர்களின் முகவர்களும் கூடுவார்கள். அங்கே ஒரு குழுவைப் பிடித்துப்போனால், பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அழைக்கும். திங்கள் ஒரு ஊர், புதன் இன்னொன்று, வெள்ளி மூன்றாவது. விமானச் செலவு பங்காகிவிடும். ஒரு பல்கலைக்கழகம் தனியாக அழைத்தால் கட்டுப்படியாகாத குழு இப்படித்தான் சின்ன ஊருக்கு வருகிறது.

வெளிநாட்டுக் குழுக்களுக்கு அப்புறம் விசா. கலைஞர்களுக்கான ஓ, பி என்ற விசா வகைகளில் மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து கட்டணமும் ஏறியது, ஒரு விண்ணப்பத்தில் 25 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. எண்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா என்றால் நான்கு விண்ணப்பம். அதற்கு மேல், வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் பொதுவாக 30 சதவீதத்தை வரியாக முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். நான் வேலை செய்த ஒரு சீசனில் ஒன்பது பேர் வர வேண்டிய குழுவில் இருவருக்குக் கடைசி நாள் வரை விசா வரவில்லை. ஏழு பேர் வாசித்தார்கள். இடம் காலியாகத் தெரிந்த இரண்டு நாற்காலிகளை மேடையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று குழுத் தலைவர் கேட்டுக்கொண்டார். அந்த இரவு அரங்கம் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டியது. இத்தனையும் தாண்டி ஒரு வெளிநாட்டுக் குழு உங்கள் பட்டியலில் இருக்கிறது என்றால், யாரோ அவர்களை மிகவும் விரும்பி அழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மறுபடி வருவார்கள் என்று தள்ளிப்போட வேண்டாம்.

டிக்கெட் பணம் செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். மிச்சம் நன்கொடை, அறக்கட்டளை நிதி, பல்கலைக்கழகத்தின் பங்கு. அதனால்தான் ஊர்க்காரர் 60 டாலர் கொடுக்கும் இருக்கை பல இடங்களில் மாணவருக்கு 10 முதல் 20 டாலருக்குள் கிடைக்கிறது. படிப்பு முடிந்த மறுநாள் அந்த விலை போய்விடும். வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான்காகவோ ஐந்தாகவோ நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சந்தா அநேகமாக இருக்கும். தெரிந்த இந்தியக் கலைஞரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு எப்படியும் போவீர்கள், துணைக்கு ஆளும் கிடைக்கும். ஐந்தில் ஒன்று நடனமாக இருக்கட்டும். நடனத்துக்கு முன்வரிசை வேண்டாம், மாடியின் முதல் வரிசையிலிருந்து பார்த்தால்தான் தரையில் அவர்கள் போடும் கோலம் முழுதாகத் தெரியும். ஒன்று சின்ன அரங்கில் நடப்பதாக இருக்கட்டும். குறிப்பில் 'இந்தப் பல்கலைக்கழகம் பணம் கொடுத்துப் புதிதாகச் செய்யச் சொன்ன படைப்பு' என்று ஏதாவது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். சில சமயம் சறுக்கும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் ஒட்டாமல் உட்கார்ந்த நாட்கள் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு படைப்பு பிறக்கும் இரவில் அங்கே இருந்தோம் என்பது வேறு எதிலும் கிடைக்காது.

நான்காவதாக, கலைஞர்கள் மூன்று நான்கு நாள் தங்கி வகுப்பு எடுக்கும் நிகழ்ச்சி எதுவென்று பாருங்கள். இசை மாணவர்களுக்கு மேடையிலேயே பாடம் எடுப்பார்கள், பெரும்பாலும் யாரும் இலவசமாக உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு செல்லோக் கலைஞர் ஒரே ஒரு வரியை ஒரு மாணவியை அரை மணி நேரம் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். முடிவில் அந்த வரி வேறாகியிருந்தது. அன்று மாலை கச்சேரியில் அவர் வாசித்தபோது ஒவ்வொரு வில் இழுப்பும் எனக்குப் புரிந்தது போலிருந்தது.

ஐந்தாவது உங்கள் இஷ்டம்.

கைதட்டுவது பற்றிப் பலருக்கும் தயக்கம் இருக்கிறது. மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ஒரு படைப்பு மூன்று நான்கு பகுதிகளாக இருக்கும், நடுவில் தட்டுவதில்லை, கடைசிப் பகுதி முடிந்து கலைஞர் கையை இறக்கிய பிறகுதான். எத்தனை பகுதி என்பது நிகழ்ச்சித் தாளில் இருக்கும். ஜாஸில் நம் தனி ஆவர்த்தனம் போல ஒவ்வொருவர் தனியாக வாசித்து முடித்ததும் தட்டலாம். தொடையில் தாளம் போடும் பழக்கம் இருந்தால் சின்ன அரங்கில் அது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், கவனம். தாமதமாகப் போனால் இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவிடுவோம், கெஞ்சினாலும் விட முடியாது. அஷரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தேதிகளைப் பாடத்திட்டத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். டிசம்பர் முதல் பாதியிலும் ஏப்ரல் கடைசியிலும் தேர்வும் ஒப்படைப்பும் கழுத்தை நெரிக்கும், அந்த வாரங்களை விட்டுவிடுங்கள். பிப்ரவரியில் இரண்டு எடுங்கள். முதல் குளிர்காலத்தில் அந்த மாதம்தான் கனக்கும். மாலை ஆறு மணிக்கு இருட்டிவிடும், நூலகத்திலிருந்து வீடு, வீட்டிலிருந்து நூலகம் என்றே நாட்கள் போகும், ஊர் நினைவு வரும். அப்படி ஒரு ராத்திரி பனியில் நடந்து அரங்குக்குள் வந்தால், எண்ணூறு பேர் கனத்த கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு அணையும்.